சிவப்பு எரிஞ்சா நின்னுடுச்சுன்னு அர்த்தம்

— அந்த அஞ்சாவது கேசட்டை இன்னும் மிஷின்ல போடலையேம்மா?

— நேத்தே போட்டு முடிச்சாச்சு சார். ஏன் இப்படி மூச்சு வாங்குது? மூணு மாடியும் ஓடியா வந்தீங்க? உக்காருங்க முதல்ல. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

— நாலுதாம்மா மாத்தணும். அதாவது, நாலுதான் குடுத்திருக்கணும். என் பொண்ணு தெரியாம அஞ்சையும் பையில போட்டுட்டா.

— தெரியாம எங்க சார்? இங்க பாருங்க, அவளே கைப்பட எழுதி ஒட்டியிருக்கா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சாவதுல மட்டும் நம்பர் போடல. ‘அண்ணன்’னு எழுதியிருக்கா.

— அது வீட்டுல கிடக்கிற என் பழைய டூல் பாக்ஸ்ல அடியில கிடந்தது. ஸ்க்ரூ டிரைவர் தேடப் போனவ கையில மாட்டியிருக்கு. இன்னைக்குக் காலையிலதான் எங்கிட்ட சொல்றா, டீ குடிச்சுக்கிட்டே. டம்ளரை அப்படியே வச்சுட்டு ஓடி வரேன்மா. சரி, போட்டாச்சுன்னா... பாத்தீங்களா?

— பாக்காம எப்படி சார் மாத்துறது? கதை என்னன்னா, கேசட்ல இருக்கறதை அப்படியே கம்ப்யூட்டர்ல இறக்கிக் குடுத்தா, உங்க பொண்ணு வச்சிருக்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர் அதை வாசப்படியிலயே நிறுத்திடும். பழைய ஃபைல் அதுக்கு ஆகாது. அதுக்குப் பிடிச்ச மாதிரி மாத்திக் குடுத்தாதான் உள்ள விடும். நாலு கேசட்டும் கிளி மாதிரி வந்திருக்கு. அஞ்சாவதுல மட்டும்...

— அஞ்சாவதுல?

— என்னைத் திட்டக் கூடாது. படம் வந்துடுச்சு. சத்தம் வரல.

— வரலையா?

— மாத்தும்போது சிலதுல இப்படி ஆகும் சார். படம் வந்து சேர்ந்துடும், சத்தம் வழியில எங்கயாவது நின்னுடும்.

— கொஞ்சம்கூட வரலையா? லேசா, கரகரன்னுகூட?

— சுத்தமா இல்ல.

— அப்ப சரி. நல்லது. அதாவது... பரவாயில்லம்மா.

— பரவாயில்லையா? பதினெட்டு வருஷமா இந்த ரூம்ல உக்காந்திருக்கேன் சார். ‘சத்தம் வரல’ன்னு சொன்னதும் மேசையைத் தட்டாத ஒரே ஆள் நீங்கதான். போன மாசம் ஒருத்தர், கல்யாண கேசட்ல தாலி கட்டுற இடத்துல பத்து வினாடி சத்தம் போச்சுன்னு என் வம்சத்தையே இழுத்துட்டார்.

— ஒண்ணு கேக்கறேன். என் பொண்ணு அவ கம்ப்யூட்டர்ல ஏதாவது நோண்டி அந்தச் சத்தத்தைத் திரும்பக் கொண்டு வந்துட முடியுமா? அவ கெட்டிக்காரி.

— நான் குடுக்குற ஃபைல்ல இல்லாததை அவ எங்கேருந்து கொண்டு வருவா?

— கேசட்ல இருக்குமே?

— கேசட்ல இருக்கும்.

— அப்ப அந்தக் கேசட்டை எங்கிட்ட குடுத்துடுங்க. ஃபைலை மட்டும் அவகிட்ட குடுங்க. கேசட் அறுந்து போச்சுன்னு சொல்லிடுங்க.

— நான் எதுக்கு சார் பொய் சொல்லணும்? இந்த வாரம் எனக்கு அந்தக் கோட்டா முடிஞ்சு போச்சு.

— என்னது?

— ஒண்ணுமில்ல. தண்ணி குடிங்க. படத்தையாவது பாருங்க, நல்லா வந்திருக்கான்னு சொல்லுங்க. முதல்ல எப்படி இருந்துச்சுன்னு காட்டறேன். பையன் ஓடி வரான் பாருங்க, கை காலெல்லாம் கோடு கோடா, சீப்புப் பல்லு மாதிரி பிரிஞ்சு நிக்குதா?

— ஆமா. ஏன் இப்படி?

— அந்தக் காலத்து கேமரா ஒரு படத்தை ரெண்டு பாதியா எடுக்கும் சார். ஒரு கோடு விட்டு ஒரு கோடு. முதல் பாதி ஒரு கணத்துல, மிச்சப் பாதி அதுக்கு அடுத்த கணத்துல. ஆள் அசையாம நின்னா ரெண்டு பாதியும் ஒட்டிக்கும், தெரியாது. ஓடினா ரெண்டும் சேராது.

— அவன் எப்பம்மா நின்னிருக்கான்? ஓடிக்கிட்டேதான் இருப்பான்.

— இப்ப பாருங்க. சேர்த்துட்டேன்.

— ...முன்பல்லு விழுந்திருந்தது அப்ப. மறந்தே போயிட்டேன். அந்தச் சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கான் பாருங்க, மேல ஒண்ணு மிச்சம், கீழ ஒண்ணு மிச்சம். தானே போட்டுக்கறேன்னு ஒரே அடம் அன்னைக்கு.

— என்ன வயசு சார்?

— ஆறு. ஆறு முடிஞ்சு நாலு மாசம். இது... இதுதாம்மா கடைசி. அன்னைக்கு எடுத்தது.

— தெரியும்... அதாவது, உங்க முகத்தைப் பாத்தா தெரியுது.

— எவ்வளவு நேரம் வருது அவன் முகம்?

— பதினோரு வினாடி. அப்புறம் கேமரா கீழ இறங்கிடுது. அதுக்குமேல ஒன்பதாவது நிமிஷம் வரைக்கும் வெறும் புல்லும் உங்க செருப்பும்தான். அப்புறம் பேட்டரி தீர்ந்து போயிருக்கு. உங்க மத்த நாலு கேசட்டும் அதே லட்சணம்தான் சார், தப்பா நினைக்காதீங்க. மச்சினிச்சி கல்யாணத்துல மேடையே இல்ல, பந்தியில அடுத்தவங்க கால் இருக்கு. உங்க சங்கத்துச் சுற்றுலாவுல பஸ்ஸோட தரை இருக்கு. எடுக்கணும்னு நினைச்சதெல்லாம் எடுக்கல, எடுக்காததெல்லாம் எடுத்திருக்கீங்க. எப்படி சார் அது, வேண்டுதலா?

— சிவப்பும்மா.

— சிவப்பா?

— நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்திரண்டு வருஷம். எங்க வேலையில சிவப்பு எரிஞ்சா நின்னுடுச்சுன்னு அர்த்தம். பச்சை எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தம். கேமராவுல சிவப்புப் புள்ளி வந்தா நின்னுடுச்சுன்னு நினைச்சு கழுத்துல தொங்க விட்டுடுவேன். பச்சை எழுத்து வந்தா ஓடுதுன்னு நினைச்சு ஒரு கண்ணை மூடிக்கிட்டு நல்லா வளைச்சு வளைச்சு எடுப்பேன்.

— அட கடவுளே!

— என் வீட்டுக்காரி வாங்கின அன்னைக்கே சொன்னா, ‘சிவப்புன்னா ஓடுதுங்க’ன்னு. மிஷினைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தரியான்னு வாயை அடைச்சுட்டேன். அவ டெய்லர். தையல் மிஷின் தவிர அவளுக்கு என்ன தெரியும்னு நினைச்சேன். எத்தனை கட்டடத்துல எத்தனை லிஃப்ட்டு பாத்திருப்பேன், என் கையில ஒருத்தருக்கு ஒரு கீறல் விழுந்ததில்லம்மா. ஒரு நகம் நசுங்கினதில்ல. அந்தத் திமிரு.

— சார், இன்னொண்ணும் சொல்லணும். அஞ்சாவதுல ஏழாவது நிமிஷத்துல படம் கட்டம் கட்டமா உடையுது. அதை என்னால சரி பண்ண முடியல. அந்த இடத்துல டேப் தேஞ்சு போயிருக்கு.

— ஏன் தேயணும்?

— ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினா தேயும். முன்னாடி சுத்தி, போட்டுப் பாத்து, மறுபடி முன்னாடி சுத்தி... பாட்டு கேசட்ல பிடிச்ச வரி தேயற மாதிரி.

— நான் ஒரே ஒரு தடவைதாம்மா போட்டுப் பாத்தேன். எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு, வீட்டுல யாரும் இல்லாத நேரத்துல. அப்புறம் டூல் பாக்ஸ்ல போட்டு மூடினதுதான்.

— வேற யாராவது?

— அது இருக்கற இடமே யாருக்கும் தெரியாது. பழசு இல்லையா, தானா தேஞ்சிருக்கும்.

— புல்லுதானே சார் ஓடுது அங்க. அதுக்கு ஏன் இவ்வளவு பயப்படறீங்க? சத்தம் போனதுக்கு யாராவது சந்தோஷப்படுவாங்களா?

— நீங்க கேக்கலைதானே? மாத்தறதுக்கு முன்னாடி?

— ...இந்த ரூம்ல கேக்கறதெல்லாம் இந்த ரூமோட சார். எத்தனை வீட்டு அழுகை இந்தச் சுவத்துக்குள்ள இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.

— அப்ப கேட்டிருக்கீங்க.

— நீங்க சொல்லுங்க. நான் கேட்டதா வேண்டாம்.

— அது ஒரு ஏரி. ஞாயித்துக்கிழமை. சின்னவ அப்ப ரெண்டு வயசு. துணியை நனைச்சுக்கிட்டா. வீட்டுக்காரி சொன்னா, ‘வண்டியில மாத்துத்துணி இருக்கு, போய் மாத்திக் கூட்டிட்டு வரேன். பையனைப் பாத்துக்கறீங்களா?’ன்னா. நான் சொன்னேன், ‘நான்தான் இருக்கேனே, போ.’ அவ போயிட்டா. நாலு எட்டு போயிட்டு நின்னு மறுபடி கேட்டா. ‘பாத்துக்கறீங்கதானே?’ன்னு. நான் எரிஞ்சு விழுந்தேன். ‘பாத்துக்கறேன்னு சொன்னேனே, எத்தனை தடவை கேப்ப’ன்னு.

— சரி.

— அன்னைக்கு கேமராவோட புத்தகத்தையும் எடுத்துட்டுப் போயிருந்தேன். ஏன் எதுவுமே பதிய மாட்டேங்குதுன்னு கண்டுபிடிச்சே தீரணும்னு. பையன் தண்ணியில கால் நனைச்சுக்கிட்டு இருந்தான். முழங்கால் ஆழம்கூட இல்ல. நான் பக்கம் பக்கமா புரட்டிக்கிட்டு இருந்தேன். அவன் கூப்பிட்டான். ‘அப்பா, இங்க பாரேன்.’ நான் சொன்னேன், ‘பாத்துக்கிட்டுதான்டா இருக்கேன்.’

— போதும் சார்.

— மூணு தடவை கூப்பிட்டான்மா. மூணு தடவையும் நான் அதையேதான் சொன்னேன். பாத்துக்கிட்டுதான் இருக்கேன், பாத்துக்கிட்டுதான் இருக்கேன். தலையை நிமித்தல. நாலாவது தடவை அவன் கூப்பிடல. கூப்பிடலையேன்னுகூட எனக்குத் தோணல. கழுத்துல சிவப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு, அது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு.

— அழுதுடுங்க சார். இங்க யாரும் வர மாட்டாங்க. கதவைச் சாத்தறேன்.

— அது தப்பும்மா. ஆனா அது கவனப்பிசகு. மனுஷனுக்கு வரும். நான் பண்ணின பாவம் அது இல்ல.

— அப்புறம்?

— ஆஸ்பத்திரியில எல்லாரும் கூடிட்டாங்க. வீட்டுக்காரியோட அண்ணனுங்க, என் அக்கா, போலீஸ்காரர் ஒருத்தர். என் அக்காதான் கேட்டா, ‘யாருடா குழந்தையைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?’ன்னு. என் வாயில எப்படி வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. ‘அவதான் பக்கத்துல இருந்தா. நான் சின்னவளுக்கு மாத்துத்துணி எடுக்க வண்டிக்குப் போயிருந்தேன்’னு சொன்னேன்.

— அவங்க அங்க இருந்தாங்களா?

— எதிர்ல பெஞ்சுல. சின்னவளை மடியில வச்சுக்கிட்டு. என்னை ஒரு தடவை பாத்தா. ‘ஆமாவா?’ன்னு அக்கா அவளைக் கேட்டா. ‘ஆமா, நான்தான் பக்கத்துல இருந்தேன்’னா.

— ஆமான்னாங்களா?

— ஆமான்னா. அதிர்ச்சியில அவளுக்கு எது எங்கன்னே குழம்பிப் போச்சு, நான் சொன்னதையே நம்பிட்டான்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சுக்கிட்டேன் என்ன, அப்படித்தான். இருபத்தொரு வருஷத்துல அவ ஒரு தடவைகூட ‘நீங்கதானே இருந்தீங்க’ன்னு கேட்டதில்ல. சண்டையில, கோவத்துல, காய்ச்சல்ல பினாத்தும்போதுகூட. என் அக்கா இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல. ‘பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தவ’ன்னு சொல்ல மாட்டா, ‘விட்டவ’ன்னு சொல்லுவா. அவ கூடப் பிறந்த அண்ணனே ஒரு நாள் கேட்டான், ‘அப்படி என்னதான் பாத்துக்கிட்டு இருந்தே?’ன்னு. அவ தலையைக் குனிஞ்சு பித்தான் தைச்சுக்கிட்டே இருந்தா. நான் அதே ரூம்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன்.

— நீங்க வாயைத் திறக்கல.

— ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். அப்புறம் ஒரு வருஷம் ஆயிடுச்சு. ஒரு வருஷம் கழிச்சு எப்படிம்மா சொல்றது? அப்புறம் பத்து ஆயிடுச்சு.

— கேசட்டை ஏன் எரிக்காம வச்சிருந்தீங்க?

— அந்தப் பதினோரு வினாடி. எத்தனை தடவை கையில எடுத்திருப்பேன்! தீக்குச்சிகூட கிழிச்சிருக்கேன். பொக்கைப் பல்லோட சிரிக்கிறானே, எப்படி எரிக்கிறது? இப்ப பொண்ணு என்னடான்னா, அம்மாவோட அறுபதாவது பிறந்த நாளுக்குப் படம் பண்றாளாம். அண்ணனை அவளுக்கு ஞாபகமே இல்ல. ‘அண்ணன் குரலாவது கேக்கணும்பா’ங்கறா. எல்லாரையும் கூப்பிட்டு, பெரிய திரையில போட்டு...

— சார்?

— அவன் குரல்.

— என்ன சார்?

— அவன் குரல் வேற எந்தக் கேசட்லயும் இல்லையேம்மா. நாலுலயும் பாத்தீங்களே, எங்கயாவது பேசறானா?

— கல்யாணத்துல மேளச் சத்தம்தான். சுற்றுலாவுல அவன் இல்ல. மத்த ரெண்டுலயும் அவன் கைக்குழந்தை, அழறான். பேசறது இதுல மட்டும்தான்.

— அந்த மூணு தடவை.

— ஆமா. அந்த மூணு தடவை.

— என்ன காரியம் பண்ண இருந்தேன்! சத்தம் போச்சுன்னு சொன்னதும் சந்தோஷமா ‘சரி’ன்னேனே! பெத்த அப்பன் வாயில வர வார்த்தையாம்மா அது? ஒரு தடவை அவனைக் கேக்காம விட்டேன். இப்ப இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு மறுபடியும் அதையே பண்ணிட்டேன்.

— அப்படி எல்லாம் பேசாதீங்க.

— திரும்ப மாத்துங்க. கேசட்ல இருக்குன்னீங்களே, எடுங்க. எத்தனை நாள் ஆனாலும் சரி. முழுசா வேணும். என் குரலும் இருக்கட்டும், அவ கேட்டதும் இருக்கட்டும், நான் எரிஞ்சு விழுந்ததும் இருக்கட்டும். ஒரு எழுத்து வெட்டக் கூடாது.

— உங்க பொண்ணு கேக்குமே?

— கேக்கட்டும். அக்காவும் கேக்கட்டும். மச்சானுங்களும் கேக்கட்டும். எல்லாத்துக்கும் முன்னாடி அவ கேக்கணும். இருபத்தொரு வருஷமா தான்தான் விட்டோம்னு நம்பிக்கிட்டு இருக்காளே, அது பொய்னு அவளுக்குத் தெரியணும். அப்புறம் என்னை வீட்டை விட்டுப் போன்னா போறேன். காறித் துப்பினா துடைச்சுக்கறேன்.

— நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?

— யோசிச்சு யோசிச்சுதாம்மா இப்படி ஆனேன். எப்ப வரட்டும்?

— வர வேண்டாம். சத்தத்தோட இருக்கறது இங்கயே இருக்கு. இந்த டிஸ்க்ல.

— வரலைன்னீங்களே?

— வந்துச்சு சார். முதல் தடவையே சுத்தமா வந்துச்சு. நான்தான் பிரிச்சு எடுத்தேன். எடுக்கச் சொல்லி ஒருத்தங்க வந்தாங்க. யார் கேட்டாலும் மாத்தும்போது போயிடுச்சுன்னு சொல்லச் சொன்னாங்க. நானும் சரின்னு வாக்கு குடுத்துட்டேன்.

— யாரு? என் பொண்ணா?

— அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ கேசட்டைக் குடுத்துட்டுப் போன மறுநாள் காலையில வந்தாங்க. கழுத்துல தொங்கின அளவு டேப்பைக்கூட கழட்டல. புடவையெல்லாம் நூலு.

— ...அவளுக்கு எப்படித் தெரியும்? கேமராவைப் போடவே தெரியாதே அவளுக்கு.

— சிவப்புன்னா ஓடுதுன்னு அவங்களுக்குத்தானே சார் முதல்லயே தெரிஞ்சிருந்தது.

— அந்த ஏழாவது நிமிஷம்...

— அவங்கதான். நீங்க வேலைக்குப் போன பிறகு டூல் பாக்ஸைத் திறந்து எடுப்பாங்களாம். அவன் கூப்பிடற அந்த இடத்தை மட்டும் போட்டுக் கேட்டுட்டு, நீங்க வச்ச மாதிரியே மேல ஸ்பேனரை அடுக்கி மூடிடுவாங்களாம்.

— எத்தனை வருஷமா?

— முதல் வருஷத்துலேருந்து.

— எல்லாம் தெரிஞ்சும்... கேசட்டைக் கையில வச்சுக்கிட்டு... அக்கா அப்படிப் பேசும்போதும்... அப்ப எதுக்கு இப்ப சத்தத்தை எடுக்கச் சொன்னா? அவ பக்கம் பேசற ஒரே சாட்சி அதுதானேம்மா?

— நானும் அதேதான் கேட்டேன் சார். ‘பொண்ணு எதிர்ல அது ஓடினா அவர் அன்னைக்கே செத்துப் போயிடுவார்’னாங்க. வாசல் வரைக்கும் போனவங்க திரும்பி வந்து, ‘பையனைத்தான் பாத்துக்க முடியல, இவரையாவது பாத்துக்கறேன்’னாங்க.